"உடையவே உடையாது" என்று புரொப்பல்லர் பின் விற்றால் வாங்காதீர்கள்

வள்ளத்தின் பின்புறம் மாட்டுகிற பழைய அவுட்போர்டு மோட்டார் வைத்து மீன்பிடிக்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போங்கள். போன மாதம் நாகர்கோவிலில் ஒரு ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் மூன்று புரொப்பல்லர் பின் 360 ரூபாய்க்கு வாங்கினேன். அதில் ஒன்றைப் போட்டதால் கியரே போய்விட்டது.

எங்களுடையது அப்பா காலத்து டூ ஸ்ட்ரோக். அதில் புரொப்பல்லரை, அதாவது தண்ணீரைத் தள்ளுகிற விசிறியை, அதைச் சுற்றும் ஷாஃப்டோடு பிடித்து வைத்திருப்பது ஒரு சின்னப் பித்தளைப் பின். பாறையிலோ தடியிலோ புரொப்பல்லர் அடித்தால் அந்தப் பின் முறியும், ஷாஃப்டு சும்மா சுற்றும், கியர் தப்பித்துக்கொள்ளும். மோட்டாரைத் தூக்கி, ஸ்ப்ளிட் பின்னை உருவி, முறிந்த துண்டைத் தட்டி எடுத்துப் புதிது போட்டால் கால் மணி நேரத்தில் கிளம்பலாம். முறிவதுதான் அதன் வேலை.

கடைக்காரர், "அண்ணே, ஒரிஜினல் கம்பெனி ஐட்டம், உடையவே உடையாது" என்றார். பாக்கெட்டில் அச்சு, உள்ளே மஞ்சளாகப் பளபளப்பு. அவர் அப்படிச் சொன்னதுமே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். பில் கேட்டதற்கு, "ஜிஎஸ்டி சேருமே, எதுக்கு?" என்றார். நானும் சரி என்று வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் விடியற்காலை, தேங்காய்ப்பட்டணம் முகத்துவாரம். மலையில் நல்ல மழை, குழித்துறை ஆறு கலங்கி வந்துகொண்டிருந்தது. தண்ணீருக்குள் பாதி முங்கிக் கிடந்த தென்னந்தடி கண்ணில் படவில்லை. டொக்கென்று ஓர் அடி, அப்புறம் கறகறவென்று சத்தம். மோட்டார் ஓடுகிறது, வள்ளம் நகரவில்லை. பின்தான் முறிந்திருக்கும் என்று மச்சான் பிளையரை எடுத்தான். கழற்றிப் பார்த்தால் பின் வளையக்கூட இல்லை. அலை மடக்குகிற இடம் அது. வள்ளம் குறுக்கே திரும்பாமல் துடுப்பால் பிடித்துக்கொண்டு நின்றோம். பின்னால் வந்த வள்ளத்துக்காரர்கள் கயிறு போட்டு இழுத்ததால் கரை சேர்ந்தோம்.

மெக்கானிக் கியர் பெட்டியைத் திறந்தபோது ஆயிலோடு இரும்புத் தூள் வந்தது. பினியன் என்கிற சின்னக் கியர் சக்கரத்தில் இரண்டு பல் இல்லை. அந்தப் பின்னை எடுத்து அரத்தால் இரண்டு இழுப்பு இழுத்தார். மஞ்சள் போய் உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. காந்தம் வைத்தார், ஒட்டிக்கொண்டது. இரும்புக்கு மேலே வெறும் முலாம்! அளவும் தப்பு. எங்கள் ஷாஃப்டில் துளை கால் இஞ்ச், அதாவது 6.35 மில்லி. இவர் கொடுத்தது 6 மில்லி. அப்படி லூசாக ஆடினால் நாளடைவில் துளையும் அகன்றுவிடும்.

இந்த மாடலுக்குப் புதுக் கியர் கிடைக்கவில்லை. குளச்சலில் ஓடாமல் கிடந்த ஒரு மோட்டாரிலிருந்து கழற்றிப் போட்டோம். கூலியோடு 11,500 ரூபாய், ஆறு நாள் தொழில் இல்லை. கடையில் போய்க் கேட்டால், "இங்க வாங்கினதுக்கு என்ன ஆதாரம்?" என்கிறார்கள்.

முறிந்த பழைய பின்னைத் தூக்கிப் போடாமல் கடைக்குக் கொண்டுபோங்கள். சில மோட்டாருக்குக் கம்பெனியே வேறு உலோகத்தில் பின் கொடுக்கிறது, அதனால் பழையதோடு ஒப்பிடுவதுதான் சரி. பித்தளை என்றால் காந்தம் ஒட்டாது. ஆனால் ஸ்டெயின்லெஸிலும் பெரும்பாலும் ஒட்டாது, எனவே அரத்தாலும் உரசிப் பாருங்கள். உரச விடமாட்டேன் என்றால் அந்தக் கடை வேண்டாம்.

இப்போது லேத் பட்டறையில் பித்தளைக் கம்பியில் அளவாக ஆறு பின் கடைந்து வைத்திருக்கிறேன். அந்த மஞ்சள் பின்கள் மூன்றும் என்னிடமே இருக்கின்றன. தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்கு வந்தால் கையில் வாங்கிப் பார்க்கலாம்.