கோஸ்டெனியுக்கா, கோரியாச்கினாவா: யாருடைய ஆட்டங்களை முதலில் படிப்பது?

ரஷ்யாவில் உருவான வீராங்கனைகளில் யாரைப் பின்தொடரலாம் என்று செஸ் பழகுகிறவர்கள் கேட்கும்போது இந்த இரண்டு பெயர்களும் கட்டாயம் வரும்.

பட்டம்
கோஸ்டெனியுக்: 2008இல் ரஷ்ய நகரமான நல்சிக்கில் பெண்கள் உலக சாம்பியன். இறுதியில் 14 வயது சீன வீராங்கனை ஹூ யிஃபானை 2.5-1.5 என்று வென்றார். அதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே, 17 வயதில், இதே பட்டத்துக்கான இறுதிப் போட்டியில் சீனாவின் ஜூ சென்னிடம் தோற்றவர். அந்தத் தோல்விக்குப் பிறகும் விடாமல் திரும்பி வந்ததுதான் எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது.
கோரியாச்கினா: இந்தப் பெண்கள் உலக சாம்பியன் பட்டம் இல்லை. ஆனால் 2020இல் அப்போதைய சாம்பியன் ஜூ வென்ஜுனுடன் 12 ஆட்டங்களில் 6-6. அதன்பின் நடந்த ரேபிட் (குறைந்த நேர) ஆட்டங்களில்தான் பட்டம் நழுவியது. அதை வெறும் தோல்வியாக எண்ண எனக்கு மனம் வரவில்லை.

ஆடும் விதம்
கோஸ்டெனியுக்: பெரும்பாலும் ராஜா முன் சிப்பாயில் தொடக்கம், நேரடித் தாக்குதல்.
கோரியாச்கினா: ராணி முன் சிப்பாய், பொறுமை, நீண்ட இறுதியாட்டம். சிறு சாதகத்தையும் விடமாட்டார்.

நேரடி மோதல்
2021 சோச்சி பெண்கள் உலகக் கோப்பை இறுதியில் கோஸ்டெனியுக் 1.5-0.5 என்று வென்றார். கோரியாச்கினா அதே கோப்பையை 2023இல் பாகுவில் வென்றார். கோஸ்டெனியுக் அந்த ஆண்டு சுவிட்சர்லாந்துக்கு மாறிவிட்டார்.

சரி, யாருக்கு யார்? புதிதாகப் பழகும் பிள்ளைகளுக்குக் கோஸ்டெனியுக். காய்கள் ஏன் நகர்கின்றன என்பது உடனே புரியும். நல்ல நிலையிலிருந்தும் டிரா செய்துகொண்டே இருப்பவர் என்றால் தயங்காமல் கோரியாச்கினாவை எடுங்கள், அதுவும் 2020 ஆட்டங்களிலிருந்து.