இரண்டு விமானங்களுக்கு நடுவே ஆறு மணி நேர அறை

எனக்கு 51 வயது, கணவருக்கு 55. முதல் விமானம் எட்டு மணி நேரம், அடுத்தது ஐந்து. நடுவில் இரவு பதினொன்றிலிருந்து காலை ஏழு வரை காத்திருப்பு. அதற்காக விமான நிலையத்துக்குள்ளேயே மணிக்கணக்கில் வாடகைக்கு விடும் அறை ஒன்றை ஆறு மணி நேரத்துக்கு எடுத்தோம்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் இதே மாதிரி ஓர் இரவை நாற்காலியில் உட்கார்ந்தே கழித்தோம். முப்பது வயதில் பையைத் தலைக்கு வைத்துத் தரையில் படுத்து எழுந்து ஓடியவர்கள்தானே என்ற நினைப்பு. போய்ச் சேர்ந்ததும் கணவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எனக்குக் கணுக்கால் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. ஏழு நாள் பயணத்தில் முதல் இரண்டு நாளும் படுக்கையிலேயே போயின.

வயது ஏற ஏற ஆழ்ந்த தூக்கம் குறையும், சின்னச் சத்தத்துக்கும் விழிப்பு வரும். இதோடு விமானத்துக்குள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழே. உள்ளே இருக்கும் காற்றழுத்தமோ 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பது போல. எட்டு மணி நேரம் அதில் உட்கார்ந்து வந்த உடம்புக்குக் காலை நீட்டிப் படுப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது படுத்த பிறகுதான் தெரிந்தது.

அறை சின்னது, ஜன்னல் கிடையாது. எனக்கு அதுதான் பிடித்தது. விளக்கை அணைத்தால் முழு இருட்டு. மெத்தை அமுங்காமல் கெட்டியாக இருந்ததால் இடுப்புக்கு நல்லது. தலையணை மட்டும் ரொம்ப உயரம். நான் சால்வையை மடித்து வைத்துக்கொண்டேன். வெந்நீர் தாராளமாக வந்தது. குளித்துவிட்டுப் படுத்ததில் பத்து நிமிடத்தில் கண் அசந்தது. கணவர் தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதால் இரவில் சிபாப் (CPAP) கருவி, அதாவது முகமூடி வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் மின்கருவி, மாட்டிக்கொள்பவர். பிளக் பாயின்ட் கால்மாட்டில் இருந்தது, வயர் எட்டவில்லை. வரவேற்பில் சொன்னதும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் கொண்டுவந்து கொடுத்தார்கள். முகம் சுளிக்காமல் அதைச் செய்த அந்தப் பெண்ணை இங்கே பாராட்டியே ஆக வேண்டும்.

குறைகளும் உண்டு. கழிப்பறை அறைக்குள் இல்லை, நடைபாதையின் கடைசியில். ராத்திரி ஒரு தடவையாவது எழுந்திருக்கும் வயதுக்காரர்களுக்கு இது சிரமம்தான். விளக்கு சுவிட்ச் கதவுப் பக்கம் இருந்ததால் இருட்டில் தடவித் தடவிப் போனேன். மூக்குக்கண்ணாடியும் மாத்திரை டப்பாவும் வைக்கக் கட்டில் அருகே ஒரு சின்னப் பலகைகூட இல்லை. இவ்வளவு யோசித்து அறை கட்டியவர்கள் இதை விட்டிருக்க வேண்டாம்.

எத்தனை மணி நேரம் எடுப்பது என்று கேட்பவர்களுக்கு: லேசான தூக்கம், ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று மாறி மாறி வரும் ஒரு தூக்கச் சுற்று ஏறக்குறைய 90 நிமிடம். குளியல், மூட்டை முடிச்சு எல்லாம் கழித்து எங்களுக்கு நான்கரை மணி நேரம் கிடைத்தது, அதாவது மூன்று சுற்று. ஐந்தரைக்கு எழுப்பச் சொல்லியிருந்தோம், சரியாகக் கதவைத் தட்டினார்கள். பெரிய பெட்டிகள் பெரும்பாலும் நேராக அடுத்த விமானத்துக்குப் போய்விடும். அதனால் மாற்றுத்துணி, மாத்திரை, பல் துலக்கும் பிரஷ் எல்லாம் கைப்பையிலேயே இருக்கட்டும். அப்புறம், முதல் விமானத்தின் கடைசி மணி நேரங்களில் காபி வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதன் வீரியத்தில் பாதி உடம்பில் நிற்கும். பணம் கொடுத்து எடுத்த அறையில் கொட்டக் கொட்ட விழித்திருக்க நேரும்.

நண்பகலில் ஊர் போய்ச் சேர்ந்தோம். செருப்பு சுலபமாக நுழைந்தது. வெயிலில் ஒரு மணி நேரம் நடந்தோம், ஒருவர் மேல் ஒருவர் எரிந்து விழவில்லை, இரவு ஒன்பதரைக்கு அந்த ஊர்க்காரர்களோடு சேர்ந்து நாங்களும் தூங்கினோம்.

திரும்பும்போது இடைவெளி ஐந்து மணி நேரம்தான். அதே இடத்தில் மூன்று மணி நேரத்துக்கு எடுத்து வைத்திருக்கிறேன், கழிப்பறைக்குப் பக்கத்து அறையாகக் கேட்டு.