பிக்சர் ட்யூப் டிவியும் ஊஃபர் காந்தமும்

தண்டையார்பேட்டை ஹவுசிங் போர்டு வீட்டில் எங்களிடம் இருப்பது அரசு கொடுத்த 14 இன்ச் கலர் டிவி. 2008-ல் வந்தது. அம்மா இன்னும் இதில்தான் பார்க்கிறார். இத்தனை வருடத்தில் ஒரே ஒரு முறைதான் படம் மோசமாகக் கெட்டது, அதுவும் என்னால்.

பழைய ஊஃபர் பெட்டி ஒன்று வாங்கி, இடம் போதாமல் டிவியை ஒட்டி வைத்தேன். மறுநாள் செய்தி வாசிப்பவரின் கன்னம் பச்சை, புடவை ஊதா. பெட்டியை நகர்த்தியும் கறை போகவில்லை. அம்மா அழாத குறை.

வியாசர்பாடியிலிருந்து வந்த மெக்கானிக் அண்ணன் பார்த்ததுமே, "ட்யூப்புக்கு ஒண்ணும் ஆகலம்மா, உள்ள இருக்குற தகடு காந்தம் புடிச்சிருக்கு" என்றார். திரைக்குப் பின்னால் பொடிப்பொடி ஓட்டைகளோடு ஒரு மெல்லிய இரும்புத் தகடு உண்டு. சிவப்பு, பச்சை, நீலத்துக்கான மூன்று எலக்ட்ரான் கதிர்களும் அந்த ஓட்டை வழியாகப் போய் அவையவை நிறப் புள்ளியில் விழ வேண்டும். காந்தம் கதிரை வளைத்தால் பக்கத்து நிறத்தில் விழும். தகடே காந்தமாகிவிட்டால் ஊஃபரை எடுத்தும் பயனில்லை. பழைய கருப்பு வெள்ளைப் பெட்டியில் இந்தத் தகடு கிடையாது. காந்தத்தை எடுத்ததும் படம் நேராகிவிடும்.

அவர் வளையம் போன்ற காயிலைக் கரண்டில் சொருகித் திரைக்கு முன் சுற்றினார். நிறமெல்லாம் வானவில்லாகச் சுழன்றது. சுற்றிக்கொண்டே வாசல் வரை பின்னால் நடந்துபோய், அப்புறம்தான் சுவிட்சை விட்டார். கிட்ட வைத்தே நிறுத்தினால் தகட்டில் மறுபடி காந்தம் தங்கிவிடுமாம். திரை பளிச்சென்று ஆனது.

டிவிக்குள்ளேயே இப்படி ஒரு காயில் இருக்கிறது. சுவிட்ச் போட்டதும் 'ஊம்' என்று கேட்பது அதுதான். எங்கள் செட்டில் ரிமோட்டில் அணைத்துப் போட்டால் அது வேலை செய்வதில்லை. மெயின் சுவிட்சை அணைத்து அரை மணி நேரம் ஆறவிட்டு, மறுபடி போட வேண்டும். டிவியை வேறு சுவருக்கு மாற்றியபோது மூலையில் லேசாக ஊதா படிந்தது. பூமியின் காந்தம் செய்கிற வேலை அது. இரண்டு நாள் இப்படிச் செய்ததும் போய்விட்டது. பின்மூடியை மட்டும் நீங்களாகத் திறக்காதீர்கள். அணைத்த பிறகும் ட்யூப்பில் ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கும்.

தம்பி வீட்டு எல்இடி டிவிக்கு இந்தத் தொல்லையே இல்லை. அதில் கதிரும் இல்லை, தகடும் இல்லை. பக்கத்திலேயே ஸ்பீக்கர் வைத்திருக்கிறான். எங்கள் ஊஃபர் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது. பொங்கலுக்கு வீடு கழுவும்போதுகூட அம்மா அதை இந்தப் பக்கம் நகர்த்த விடுவதில்லை.