முதல் கொள்முதலுக்கு திருப்பூர் காதர்பேட்டை எப்படி?

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கினால் பின்னலாடை மொத்தச் சந்தையான காதர்பேட்டைக்கு ஆட்டோ வேண்டியதில்லை, நடக்கிற தூரம்தான். பனியன், டி-ஷர்ட், குழந்தைகள் உடை, நைட் பேண்ட் எல்லாம் அந்தச் சில தெருக்களுக்குள் கிடைத்துவிடும். முப்பது நாற்பதாயிரம் ரூபாயோடு ஊர்க் கடைகளுக்குச் சரக்குப் போட நினைப்பவருக்குத் தோதான இடம். ஆனால் இங்கே லாபம் பேரத்தில் இல்லை, பண்டலைப் பிரித்துப் பார்ப்பதில்தான் இருக்கிறது.

சரக்கு மூன்று வகை: உள்ளூர் விற்பனைக்கென்றே தைத்தது, ஏற்றுமதி ஆர்டரில் மிஞ்சிய சர்ப்ளஸ், செக்கிங்கில் கழித்த செகண்ட்ஸ். மூன்றும் அடுத்தடுத்த அடுக்கில் இருக்கும், சமயத்தில் ஒரே பண்டலிலும். மேலே இருக்கும் பீஸைப் பார்த்து விலை பேசாதீர்கள். நடுவிலிருந்து பத்து பீஸ் உருவி, தோள் தையலையும் பக்கத் தையலையும் இரண்டு கட்டைவிரலால் இழுத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். தையலை ஒட்டிப் பொடிப்பொடியாக ஓட்டை தெரிந்தால், மழுங்கிய ஊசி நூலை விலக்காமல் அறுத்திருக்கிறது என்று அர்த்தம். கடையில் ஊசிமுனை அளவுதான், இரண்டு சலவையில் மிளகளவு ஆகிவிடும். எண்ணெய்க் கறையை விட மோசமான குறை இது. கறை வாங்கும்போதே கண்ணில் படும், இது வாடிக்கையாளர் வீட்டில்தான் தெரியவரும். அடர் நிறமென்றால் சாயம் ஒட்டுகிறதா என்று ஈரக் கைக்குட்டையால் பத்து முறை தேய்த்துப் பாருங்கள்.

‘180 ஜிஎஸ்எம்’ என்பது இங்கே எல்லா வாயிலும் வரும் எண், ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. சாம்பிள் ஒன்று வாங்கி, பிரிண்ட் இல்லாத இடத்தில் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. வெட்டி, சின்ன டிஜிட்டல் தராசில் வையுங்கள். 1.8 கிராம் காட்டினால் 180. 1.5 என்றால் 150தான், விலையும் அதற்கேற்ப இறங்க வேண்டும். இன்னொரு பீஸைத் துவைத்துக் காயவைத்து அளந்து பாருங்கள். 70 செ.மீ. நீளம் 66 ஆகிவிட்டாலோ, பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வந்துவிட்டாலோ அந்த லாட்டே வேண்டாம்.

சர்ப்ளஸில் சைஸ் இன்னொரு பொறி. வெளிநாட்டு அளவில் ‘எம்’ என்பது பெரும்பாலும் நம்மூர் ‘எல்’. மிஞ்சும் சரக்கில் எஸ்ஸும் டபுள் எக்ஸ்எல்லுமே குவிந்திருக்கும். எஸ், எம், எல், எக்ஸ்எல் 1:2:2:1 என்று செட்டாகக் கேளுங்கள். தர மாட்டேன் என்றால், விற்காமல் நிற்கப்போகும் சைஸுக்கான நஷ்டத்தை விலையில் கழித்துப் பேசுங்கள்.

அடக்க விலையை இப்படிப் போடுங்கள். 300 பீஸ், 100 ரூபாய் வீதம் 30,000. ஜிஎஸ்டி 5% 1,500. லாரி பார்சல், ஏற்று இறக்குக் கூலி 1,200 என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 32,700. நூற்றுக்கு எட்டு டேமேஜ் போனால் விற்கக் கிடைப்பது 276. ஆக ஒரு பீஸ் அடக்கம் 118.50. நூறு ரூபாய்ச் சரக்கு என்று நினைத்து 115க்குப் போட்டவர் கைக்காசை இழக்கிறார்.

பில்லில்லாமல் ஐந்து ரூபாய் குறைத்துத் தருகிறேன் என்பார்கள். ஜிஎஸ்டி பதிவு எடுத்தவருக்கு அது லாபமே இல்லை, உள்ளீட்டு வரி, அதாவது வாங்கும்போது கட்டிய வரியை விற்கும்போது கழித்துக்கொள்ளும் சலுகை போய்விடும். ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டாதவரை தமிழ்நாட்டுக்குள் சரக்கு விற்கப் பதிவு கட்டாயமில்லை. கேரளத்தில் பாலக்காட்டுக் கடைக்குச் சரக்குப் போட்டால் முதல் பில்லிலேயே கட்டாயம். விற்றுமுதலில் சிறு சதவீதத்தை மட்டும் வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் சேர்ந்தால் வெளிமாநில விற்பனையே கூடாது. மாநிலத்துக்குள் 1 லட்சம் ரூபாய்க்கு மேல் சரக்கு அனுப்பினால் இ-வே பில், அதாவது ஆன்லைனில் எடுக்கும் சரக்குப் போக்குவரத்துச் சீட்டு வேண்டும்.

பெரிய குறை ஒன்று உண்டு: சர்ப்ளஸ் திரும்பக் கிடைக்காது. நன்றாக ஓடிய டிசைனை அடுத்த மாதம் கடைக்காரர் கேட்டால் கையில் இருக்காது. அதனால் முதல் பணத்தில் பாதியையாவது, வெள்ளை பனியன், பிளைன் ரவுண்ட் நெக் மாதிரி வருடம் முழுக்கத் தைக்கும் உள்ளூர் ரகத்தில் போடுங்கள். சர்ப்ளஸ் மீதிப் பணத்துக்கு மட்டும்.