ஜெர்மனியில் மாஸ்டர்ஸ்: வெர்க்ஷ்டூடென்ட்டா, பிராக்டிகுமா, கம்பெனி தீசிஸா?

ஒவ்வொரு அக்டோபரிலும் குளிர்கால செமஸ்டர் தொடங்கியதும் ஊர்ப் பிள்ளைகளிடமிருந்து ஃபோன் வர ஆரம்பித்துவிடும். “அண்ணா, கம்பெனி அனுபவம் இல்லாம இங்க வேலை கிடைக்காதுன்னு எல்லாரும் சொல்றாங்க. எதுக்கு அப்ளை பண்றது?” பேசுபவர் கோவையிலோ மதுரையிலோ மெக்கானிக்கல் முடித்துவிட்டு கெம்னிட்ஸ் பக்கம் வந்தவராக இருப்பார். நம் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ், செலவுக்குப் பணம் இருக்கிறது என்று காட்ட முடக்கி வைக்கும் பிளாக்டு அக்கவுண்டில் 11,904 யூரோ, விசா என்று அலைந்த களைப்பு குரலிலேயே தெரியும். அவர் கேட்பதும் நியாயமான கேள்விதான். படிப்பு முடிந்தபின் வேலை தேட 18 மாதம் கொடுக்கிறார்கள். ஆனால் ஜெர்மன் கம்பெனிகள் முதலில் பார்ப்பது, இந்த மண்ணில் யாரிடமாவது வேலை பார்த்திருக்கிறாரா என்பதைத்தான்.

வழி மூன்று உண்டு. வாரம் 20 மணி நேரம் வரை வேலை பார்க்கும் வெர்க்ஷ்டூடென்ட், சில மாதம் முழுநேரமாகப் போகும் பிராக்டிகும், கம்பெனியிலேயே உட்கார்ந்து எழுதும் மாஸ்டர்ஸ் தீசிஸ். மூன்றையும் நான் செய்திருக்கிறேன். மூன்றும் ஒன்றல்ல.

எதை எடுப்பது என்று யோசிக்கும் முன் நாள் கணக்கைப் புரிந்துகொள்ளுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்த மாணவர்கள் ஆண்டுக்கு 140 முழு நாள், அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். 2024 மார்ச்சுக்கு முன் இது 120 நாளாக இருந்தது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்குள் பார்த்தால் அந்த வாரத்துக்கு இரண்டரை நாள் என்றே கணக்கிட வழி இருக்கிறது. ஆகவே வெர்க்ஷ்டூடென்ட்டாக ஆண்டு முழுக்க இருந்தாலும் தாங்கும். வந்த முதல் வருடமே கிடங்கில் பெட்டி தூக்கியும் சாப்பாடு டெலிவரி செய்தும் நாட்களைக் கரைத்துவிட்டு, நல்ல இடத்திலிருந்து அழைப்பு வரும்போது கணக்கில் நாள் இல்லாமல் தவித்த தம்பிகளை எனக்குத் தெரியும். வாடகை கட்ட வேண்டிய நெருக்கடியில் அவர்களைக் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பார்க்கும் ஹிவி (மாணவ உதவியாளர்) வேலை இந்த 140-இல் சேராது என்பது பலருக்குத் தெரிவதில்லை. முதல் செமஸ்டரில் கைச்செலவுக்கு அதைத் தேடுங்கள்.

சரி, வெர்க்ஷ்டூடென்ட். 2026 ஜனவரி முதல் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 13.90 யூரோ. வாரம் 20 மணி என்றால் மாதம் சுமார் 1,200 யூரோ. பிளாக்டு அக்கவுண்டிலிருந்து மாதாமாதம் விடுவிப்பது 992 யூரோ என்பதை நினைத்தால், வீட்டுக்கு ஃபோன் போட்டுப் பணம் கேட்க வேண்டியதில்லை. சம்பளத்தில் ஓய்வூதியக் காப்பீட்டுக்குப் பிடிப்பார்கள். மருத்துவக் காப்பீட்டை மாணவர் கட்டணத்தில் நாமே கட்டிக்கொள்கிறோம்.

ஆனால் இதை நான் முதலிடத்தில் வைப்பதற்குக் காரணம் பணம் அல்ல, காலம். ஸ்டுட்கார்ட் பக்கம் ஒரு சிறிய உதிரிபாக நிறுவனத்தில் பேட்டரியைக் குளிர்விக்கும் தகடுகளைச் சோதிக்கும் பிரிவில் இருந்தேன். பன்னிரண்டு தெர்மோகப்பிள் (வெப்பநிலை அளக்கும் சென்சார்), ஒரு தண்ணீர் பம்பு, ஒரு லேப்டாப். ஏழாம் எண் சென்சார் மட்டும் எப்போதும் மூன்று டிகிரி குறைவாகக் காட்டும். முதல் இரண்டு மாதம் அந்த அளவீட்டைக் கெட்டது என்று நீக்கிவிட்டு அறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் பட்டறையில் முப்பது வருடம் வேலை பார்த்த டெக்னீஷியன் என்னைக் கூப்பிட்டு, அந்தச் சென்சாரை ஒட்டியிருந்த அலுமினியப் பட்டையை நகத்தால் தூக்கிக் காட்டினார். சூடு ஏற ஏறப் பசை இளகி, முனை தகட்டைத் தொடாமல் காற்றில் நிற்கிறது. கெட்டது அளவீடு அல்ல, நான் ஒட்டிய விதம். அதற்குப் பிறகு ஒவ்வொரு சோதனைக்கு முன்னும் பன்னிரண்டையும் விரலால் அழுத்திப் பார்ப்பேன். மூன்று மாதத்தில் கிளம்பிப் போகிறவருக்கு இதைச் சொல்லிக்கொடுக்க அவர் மெனக்கெட்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். மதியம் எதிரே வரும்போது “மால்ட்ஸைட்” என்று வணக்கம் சொல்லிப் பழகி, என் உடைந்த ஜெர்மனை அவர் பொறுத்துக்கொண்ட பிறகுதான் அந்த நாள் வந்தது. பி1 என்னும் நடுத்தர நிலை அளவுக்காவது மொழி கற்றுக்கொள்ளச் சொல்வதும் இதனால்தான். அலுவலகத்தில் ஆங்கிலம் ஓடும், பட்டறையில் ஓடாது.

குறையும் உண்டு. வாரத்தில் இரண்டரை நாள் மட்டும் வருபவரிடம் பெரிய பொறுப்பைத் தரமாட்டார்கள். எக்செல் கோப்பைத் திருத்துவதிலேயே ஒரு வருடம் ஓடிவிடலாம். நேர்காணலிலேயே, “எந்தச் சோதனையை என் கையில் தருவீர்கள்?” என்று கேட்டுவிடுங்கள்.

பிராக்டிகும் எடுப்பதற்கு முன் உங்கள் பாடத்திட்ட விதிமுறையைத் திறந்து பாருங்கள். அதில் பயிற்சி கட்டாயம் என்று எழுதியிருந்தால் அது ஃப்ளிஷ்ட்பிராக்டிகும். படிப்பின் பகுதி என்பதால் 140 நாளில் சேராது. ஆனால் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அதற்குப் பொருந்தாது. விதிமுறையில் இல்லாமல் நீங்களாகப் போனால் அது விருப்பப் பயிற்சி. அதற்கு நாள் கணக்கு ஓடும். ஒப்பந்தம் மூன்று மாதத்தைத் தாண்டினால் முதல் நாளிலிருந்தே குறைந்தபட்சக் கூலி தரவேண்டும். விளம்பரங்களில் ஆறு மாத இடங்களுக்கு “கட்டாயப் பயிற்சி மாணவர் மட்டும்” என்று போடுவதன் சூட்சுமம் இதுதான். ஆங்கில வழி மாஸ்டர்ஸ் பலவற்றில் கட்டாயப் பயிற்சி கிடையாது. அதனால் நம் பிள்ளைகள் நூறு விண்ணப்பம் போட்டும் பதில் வராமல், தங்களிடம்தான் ஏதோ குறை என்று நொந்துபோகிறார்கள். குறை தகுதியில் இல்லை, அந்த ஒரு வரியில் இருக்கிறது. முழுநேரமாக ஒரு பிரிவுக்குள் மூழ்கிப் பார்ப்பது நல்ல அனுபவம்தான், மறுக்கவில்லை. ஆனால் கட்டாயம் இல்லாதவர் இதற்காகப் படிப்பை ஒரு செமஸ்டர் தள்ளிப்போடுவதை நான் ஆதரிக்கமாட்டேன்.

மூன்றாவது, கம்பெனி தீசிஸ். மூன்றிலும் வேலை கிடைக்க மிகப் பக்கத்தில் இருப்பது இது. ஆறு மாதம் முழுநேரமும் ஒரே பிரச்சினையோடு கிடக்கிறீர்கள். முடித்த மறுநாள் அங்கேயே சேர்ந்தவர்களும் உண்டு. மிக ஆபத்தானதும் இதுதான். இரண்டு எஜமானர்கள். பேராசிரியருக்குப் புதிய ஆராய்ச்சி வேண்டும், கம்பெனிக்கு நாளைக்கு ஓடும் தீர்வு வேண்டும். தீசிஸை வெளியில் காட்டக்கூடாது என்று ரகசியக் காப்புக் குறிப்பு போடச் சொல்லும் கம்பெனி. அப்படி எழுதினால் ஏற்கமாட்டேன் என்னும் பேராசிரியர்களும் இருக்கிறார்கள். தேர்வுக்கான வேலை என்பதால் குறைந்தபட்சக் கூலியும் இல்லை. மாதத் தொகை அவரவர் கம்பெனி தருவதுதான்.

தீசிஸுக்காக நான் வேறொரு பெரிய நிறுவனத்துக்கு மாறினேன். பெயர் பெரிது என்று ஆசைப்பட்டேன். மூன்றாம் மாதம் அந்தத் திட்டத்தையே நிறுத்திவிட்டார்கள். எனக்கு வழிகாட்டியவர் வேறு ஊர்க் கிளைக்குப் போனார். புதிதாக வந்தவருக்கு என் தலைப்பில் அக்கறை இல்லை. பல்கலைக்கழகத்தில் பதிவு செய்த தேதி மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. பழைய நிறுவனத்துக்கு ஃபோன் செய்து, ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்களுடைய பழைய சோதனைத் தரவை வாங்கி எழுதித்தான் முடித்தேன். அன்றைக்கு எனக்குக் கை கொடுத்தது, அந்தப் பட்டறையில் ஒன்றரை வருடத்தில் சேர்த்த நம்பிக்கை.

அதனால் ஃபோன் செய்பவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதல் செமஸ்டரில் ஹிவி, மொழி வகுப்பு. இரண்டாம் செமஸ்டரிலிருந்து ஒரே இடத்தில் வெர்க்ஷ்டூடென்ட். தீசிஸும் அங்கேயே. அந்த இடம் பெயர் தெரியாத நடுத்தர நிறுவனமாக இருந்தாலும் பரவாயில்லை. கட்டாயப் பயிற்சி இருந்தால் அதையும் அங்கேயே கேட்டுப் பாருங்கள், பெரும்பாலும் சம்மதிப்பார்கள்.

அப்புறம், சான்றிதழ். வெர்க்ஷ்டூடென்ட்டுக்கும் விருப்பப் பயிற்சிக்கும் ஆர்பைட்ஸ்ட்ஸொய்க்னிஸ், அதாவது வேலை பார்த்த விதத்தை மதிப்பிட்டு எழுதும் சான்றிதழ், கேட்க உரிமை உண்டு. தீசிஸுக்கு அது தானாக வராது, ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இந்தச் சான்றிதழின் மொழி தனி மொழி. “முழுத் திருப்தி அளித்தார்” என்பது நமக்குப் பாராட்டாகத் தெரியும், அவர்களுக்கு அது மூன்றாம் தர மதிப்பெண். “எப்போதும் மிக முழுமையான திருப்தி” என்று இருந்தால்தான் முதல் தரம். “ஷ்டெட்ஸ்” (எப்போதும்), “ஃபோல்ஸ்டன்” (மிக முழுமையான) என்ற இரண்டு சொல்லும் இருக்கிறதா என்று வாங்கியதும் பாருங்கள். இல்லாவிட்டால் மரியாதையாகத் திருத்தித் தரக் கேளுங்கள். உங்கள் மேலாளர் மாறப்போகிறார் என்று காதில் விழுந்த அன்றே இடைக்காலச் சான்றிதழ் ஒன்றை அவர் கையெழுத்தோடு வாங்கி வைத்துவிடுங்கள். நான் வாங்கவில்லை.