காந்த வளைய நினைவகம்: ஆன் வாங் வழியும் ஜே ஃபாரஸ்டர் வழியும்

ஒரு சிறு காந்த வளையத்தில், கணினித் தரவின் மிகச் சிறிய அலகான ஒரு பிட்டைச் சேமிக்கலாம். காந்தப்புலம் வலஞ்சுழியாக நின்றால் 1, இடஞ்சுழியாக நின்றால் 0. சிக்கல் படிக்கும்போது எழுகிறது: வளையத்தின் காந்தத் திசையைப் புரட்டிப் பார்த்தால்தான் அதில் இருந்தது தெரியும், புரட்டினாலோ இருந்தது அழிந்துவிடும். ஷாங்காயில் பிறந்து ஹார்வர்டில் பணியாற்றிய ஆன் வாங், அழிவதைத் தடுக்க முயலாமல், படித்த மதிப்பை உடனே திரும்ப எழுதிவிடலாம் என்று கண்டு, 1949இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். ஆனால், அவருடைய அமைப்பில் வளையங்கள் சங்கிலியாக நின்றதால், நடுவிலுள்ள பிட் நகர்ந்து வரும்வரை காத்திருக்க வேண்டும்.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் (எம்.ஐ.டி.) உருவான, உடனுக்குடன் இயங்க வேண்டிய வேர்ல்விண்ட் கணினிக்கு அந்தக் காத்திருப்பு கட்டுப்படியாகாது. அங்கே ஜே ஃபாரஸ்டர் வளையங்களைக் கட்டம் கட்டமாகக் கோத்தார். கிடைக்கம்பியில் பாதி மின்னோட்டம், நெடுக்கைக்கம்பியில் பாதி. இரண்டும் சந்திக்கும் ஒற்றை வளையம் மட்டும் புரளும், மற்றவை அசையா. 32க்கு 32 என அமைந்த ஒரு தளத்தில் 1024 வளையங்களுள் எதையும் 64 கம்பிகளைக் கொண்டே நேரடியாக அணுகலாம். 1953இல் இது வேர்ல்விண்டில் பொருத்தப்பட்டது.

முதன்மை நினைவகத்துக்கு ஃபாரஸ்டர் வழியே உகந்தது என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும், அவருடைய கட்டத்திலும் படித்தால் பிட் அழியும். ஒவ்வொரு வாசிப்புக்குப் பின்னும் அதை மீண்டும் எழுதியாக வேண்டும். வாங்கின் காப்புரிமையை ஐ.பி.எம். 1956இல் 5 லட்சம் டாலருக்கு வாங்கியது. ஃபாரஸ்டரின் காப்புரிமைக்காக 1964இல் எம்.ஐ.டி.க்கு 1.3 கோடி டாலர் கொடுத்தது.