கொரியப் போர்க்கால ஜெட் விமானங்கள், வண்ணத்தில்: ஒரு படத்தொகுப்பு பற்றி

நான் பிளாஸ்டிக் விமான மாடல்கள் கட்டிப் பெயின்ட் அடிப்பவன். கொரியப் போரின் (1950–53) ஜெட் விமானங்களை அன்றைய வண்ணப் படங்களிலேயே காட்டும் இந்தப் பெரிய அளவுத் தொகுப்பு கைக்கு வந்ததும், முதலில் தேடியது அமெரிக்கப் போர்விமானமான எஃப்-86 சேபரின் பின்பகுதியைத்தான். சேபரா, வெள்ளி நிறம், ஒரு டப்பா பெயின்ட் போதும் என்று பலரும் முடித்துவிடுவார்கள். இதில் இருக்கும் படங்களைப் பார்த்தால் அப்படி முடிக்க மனம் வராது. பெயின்ட் பூசாத அலுமினியம் தகட்டுக்குத் தகடு வேறு சாயல் காட்டுகிறது. வால்பக்கம் எஞ்சின் சூட்டில் நீலமும் பழுப்புமாக வெந்துபோயிருக்கிறது. மூக்கின் இருபுறமும் மும்மூன்றாக இருக்கும் 12.7 மி.மீ. துப்பாக்கிகளின் வாயருகே புகைக்கறை படிந்திருக்கிறது. கறுப்பு வெள்ளைப் படத்தில் இதெல்லாம் ஒரே சாம்பலாகத்தான் தெரியும்.

சேபரின் உடலிலும் இறக்கையிலும் இருக்கும் மஞ்சள் பட்டைக்கு உயிர்போகும் காரணம் உண்டு. சேபரும், எதிர்த்தரப்பு ஓட்டிய சோவியத் தயாரிப்பான மிக்-15ம் இரண்டுமே பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை உள்ளவை, இரண்டுமே பளபளக்கும் உலோகம். மணிக்கு ஆயிரம் கிலோமீட்டர் வேகத்தில் எதிரே வருவது நம்மாளா எதிரியா என்று ஒரு நொடியில் தெரியவேண்டும். கறுப்புக் கரை போட்ட அந்த மஞ்சள் எவ்வளவு அழுத்தமானது என்பதைக் தென்கொரியாவின் கிம்போ விமானத் தளத்தில் வரிசையாக நிற்கும் சேபர்களின் படம் காட்டிவிடுகிறது. அங்கேயே சுவோன் தளத்தில் இருந்த அமெரிக்க விமானப்படையின் 51வது பிரிவு வாலில் கறுப்பு வெள்ளைச் சதுரங்கக் கட்டமே போட்டுக்கொண்டது.

படங்களில் பெரும்பாலானவை கோடாக்ரோம் என்ற வண்ண ஃபிலிமின் ஸ்லைடுகளிலிருந்து எடுத்தவை, சும்மா ஞாபகத்துக்காக வீரர்கள் தங்கள் கேமராவில் எடுத்துவைத்தவை. அன்றைய கோடாக்ரோமின் வேகம், அதாவது ஒளியை உணரும் திறன், ஏ.எஸ்.ஏ. 10தான்; மிகக் குறைவு. நல்ல வெயில் வேண்டும், பொருளும் ஆடாமல் நிற்கவேண்டும். தொகுப்பு முழுக்க விமானங்கள் தரையில் நிற்பதும், குண்டு ஏற்றப்படுவதும், துளையிட்ட இரும்புத் தகடு பரப்பிய ஓடுபாதையில் மெல்ல நகர்வதுமாக இருப்பதற்கு இதுவே காரணம். வானில் நடந்த சண்டையை எதிர்பார்த்து வாங்குபவர்கள் ஏமாறுவார்கள். எனக்கு அது குறையாகப் படவில்லை. தொப்பியைப் பின்னால் தள்ளிக்கொண்டு இறக்கைமேல் உட்கார்ந்திருக்கும் மெக்கானிக்கின் சட்டையில் எண்ணெய்க்கறையின் நிறம்கூடத் தெரிகிறது. அவன் வயது இருபதுதான் இருக்கும்.

அந்த ஃபிலிமுக்கு இன்னொரு குணம் உண்டு. இருட்டில் வைத்திருந்தால் பல பத்தாண்டுகளுக்குச் சாயம் இறங்காது. அதே காலத்து மற்ற ஸ்லைடுகள் பல செம்பழுப்பாக மாறிவிட்டன. அப்படிப்பட்ட சிலவும் இதில் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். கோடாக்ரோமை ஸ்கேன் செய்வது லேசான வேலையும் அல்ல. நீலச்சாயல் ஏறிவிடும், தூசியைத் தானாக நீக்கும் அகச்சிவப்பு முறையும் இந்த ஃபிலிமில் சரியாக வேலை செய்யாது. புள்ளி புள்ளியாகக் கையால்தான் துடைக்கவேண்டும். அந்தப் பொறுமை இங்கே தெரிகிறது.

அமெரிக்கக் கடற்படையின் பாந்தர் விமானங்களுக்கான பகுதிதான் மிக அழகு. 1950 ஜூலை 3 அன்று வேலி ஃபோர்ஜ் என்ற விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து வடகொரியத் தலைநகர் பியோங்யாங் மேல் பறந்து, அந்தக் கடற்படையின் ஜெட் போரைத் தொடங்கிவைத்தவை பாந்தர்கள். அவற்றின் பளபளப்பான கருநீலம் உப்புக்காற்றிலும் வெயிலிலும் வெளுத்து, சில இடங்களில் சுண்ணாம்பு பூத்ததுபோல் ஆகியிருக்கிறது. ஆஸ்திரேலியாவின் 77வது ஸ்குவாட்ரன் ஓட்டிய பிரிட்டிஷ் ஜெட்டான மீட்டியருக்கு மட்டும் கொஞ்சம் பக்கங்களே கொடுத்திருக்கிறார்கள்.

இப்போது குறைகள். கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கம்ப்யூட்டரில் நிறம் ஏற்றி, அதைச் சொல்லாமலே நடுவில் செருகியிருக்கிறார்கள். இது எனக்குக் கோபத்தையே வரவழைத்தது. உலோகத்தில் வானத்தின் நீலமோ தரையின் மண்நிறமோ பிரதிபலிக்காமல் எல்லாம் ஒரே சாம்பலாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இப்படிப்பட்ட படத்தை நம்பிப் பெயின்ட் கலக்குபவனுக்கும் வரலாறு படிப்பவனுக்கும் இது அநியாயம்.

படக்குறிப்புகளிலும் கவனம் போதவில்லை. உயரமான வால்துடுப்புள்ள பாந்தர் எஃப்9எஃப்-5 வகை; அதன் கீழே எஃப்9எஃப்-2 என்று போட்டிருக்கிறது. அப்புறம், எதிர்த்தரப்பின் நிறம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. நோ கும்-சோக் என்ற வடகொரிய விமானி 1953 செப்டம்பர் 21 அன்று கிம்போவில் கொண்டுவந்து இறக்கிய மிக்-15, அமெரிக்க அடையாளம் பூசப்பட்டு ஒகினாவாவில் சோதனைக்கு நிற்கும் படம் மட்டும் இருக்கிறது. அந்த ஒரு மிக்கின் உலோக மேற்பரப்பை நான் திரும்பத் திரும்பப் பார்த்தேன். குண்டு விழுந்த ஊர்களின் படம் ஒன்றுகூட இல்லை. நேபாம் என்ற தீக்குண்டுக் கலன்கள் மாட்டிய அமெரிக்கத் தண்டர்ஜெட் விமானங்கள் பக்கம் பக்கமாக இருக்கும்போது, அவை போய் இறங்கிய இடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கியிருக்க வேண்டும்.

அச்சு நன்றாக இருக்கிறது; தாள் கனமானது, எதிர்ப்பக்கத்து மை தெரிவதில்லை. இருபக்கம் பரவும் படங்களில் மட்டும் விமானத்தின் நடு உடல் தையல் மடிப்புக்குள் போய்விடுகிறது. மாடல் கட்டுபவர்கள் தயங்காமல் வாங்கலாம். அடுத்த பதிப்பில் நிறம் ஏற்றிய படங்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஸ்லைடு அட்டைகளில் வீரர்களே பேனாவால் எழுதிவைத்த குறிப்புகளை அப்படியே அச்சிட்டால், இதே தொகுப்பை நான் இன்னொரு முறை வாங்குவேன்.